முப்போக நித்திரைப் பை

பென்சன் எடுத்துக் கொஞ்ச நாளில், பின்னேரத் தேத்தண்ணியோடு என் கணவர் ஒரு கதை தொடங்கினார்.

"இஞ்சாரும், நாங்கள் காம்ப் போவம்."

கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். காய்ச்சல் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

"நான் போயிட்டு வந்திட்டன். நீங்கள் வேணுமெண்டால் போங்கோ," என்றேன்.

நான் சொன்னது பகிடி இல்லை. சின்ன வயதில் வள்ளம் ஏறி அந்தக் கரையில் இறங்கியவள் நான். திரும்பி மன்னாருக்கு வந்தபோது கலியாண வயது தாண்டியிருந்தது. இடையில் இருந்தது முழுக்கத் தமிழ்நாட்டு அகதிக் காம்ப். எங்கள் பக்கத்தில் காம்ப் என்றால் இரண்டே வகைதான். ஒன்றில் ஆமி இருக்கும், மற்றதில் நாங்கள் இருப்போம். ஆசைப்பட்டு, சாமான் கட்டி, சிரித்துக்கொண்டு போகிற மூன்றாவது வகை ஒன்று உலகத்தில் இருப்பதை என் கணவர் போனில் வீடியோ பார்த்துத்தான் கண்டுபிடித்திருந்தார்.

"இது கார் காம்பிங். காரைக் கொண்டுபோய் ஒரு காட்டுக்குள்ள விட்டிட்டு, பக்கத்தில கூடாரம் அடிச்சுப் படுப்பினம்."

"வீடு இல்லாத ஆக்களோ?"

"வீடு இருக்கு. பெரிய வீடுகள். அதை விட்டிட்டு வந்து படுக்கினம்."

"ஏன், ஷெல் அடிக்கிறாங்களோ?"

"ஒருத்தரும் அடிக்கேல்ல. சும்மா."

சும்மா என்ற அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. சும்மா காம்புக்குப் போகிற சனத்தின் முகத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் தகரப் பேணியில் கோப்பி குடித்துக்கொண்டு, ஒரு பையை இழுத்து மூடுகிற சிப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தான்.

என் கணவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். நானாட்டான் பக்கத்துக் கமத்தொழில் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்தவர். உயிலங்குளத்து வயலும் குளமும் வரம்பும்தான் அவருக்குத் தெரிந்த உலகம். பென்சனுக்குப் பிறகு அவருக்கு நித்திரை போய்விட்டது. இரவில் எழும்பி ஹோலில் நடப்பார், பிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், மூடுவார். டொக்டர் வருத்தம், நோய் ஒன்றும் இல்லை என்றார். குளிரான இடத்தில் போய்ப் படுத்தால் நித்திரை வரும் என்று இவராகவே ஒரு மருந்து கண்டுபிடித்தார். அதற்காக ஒரு பழைய பள்ளிக்கூட வானை வாங்கி, பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தார். வெளியே எழுதியிருந்த 'பாடசாலைச் சேவை'யை அழிக்க மறந்துவிட்டார். இன்றைக்கும் நாங்கள் ரோட்டில் போனால் பிள்ளைகள் கை காட்டுவார்கள்.

முதல் பயணம் நுவரெலியாப் பக்கம். வான் தயார். இல்லாதது நித்திரைப் பை.

ஸ்லீப்பிங் பாக் என்பதற்கு அவர் வைத்த பெயர் அது. தாடிக்காரன் 'த்ரீ சீசன்' பையைத்தான் வாங்கவேண்டும் என்று அடித்துச் சொல்லியிருந்தானாம். மூன்று பருவத்துக்கும் தாங்கும் பை. என் கணவருக்குப் பருவம் என்றால் நெல்தான். காலபோகம், சிறுபோகம், இடைப்போகம். "முப்போகத்துக்கும் பாவிக்கலாம்," என்று வேலிக்கு மேலால் அயலவருக்கு விளங்கப்படுத்தினார். அவர்கள் அதை உர மூட்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அது வசந்தம், கோடை, இலையுதிர்காலம். நாலாவது பனி கொட்டுற காலம். அதுக்கு வேற பை," என்றேன். கணக்கு டீச்சராக இருந்தாலும் எனக்கு இவ்வளவும் தெரியும்.

"எங்களுக்கு இலையே உதிராதே. அப்ப வாடை, கச்சான், சோளகம் எண்டு காத்தை வைச்சு எண்ணுவம்."

"மன்னாரில ஒரே பருவம்தான். வேர்வை."

இந்த இடத்தில் என் கட்டிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காம்பில் ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்ன அறை. நாங்கள் எல்லோரும் அதன் சீமெந்துத் தரையில் வரிசையாகக் கிடப்போம். ஒருவர் திரும்பிப் படுக்கவேண்டுமென்றால் எல்லோரும் திரும்பவேண்டும். அம்மா "ம்" என்பார், வரிசையே ஒரு பக்கம் புரளும். இனித் தரையில் கிடப்பதில்லை, கையையும் காலையும் ஒடுக்கிக்கொண்டு படுப்பதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். இங்கே வந்து வீடு கட்டியதும் முதலில் செய்வித்தது முதிரை மரத்தில் ஒரு கட்டில். பார்க்கிறவர்கள் அதை மேடை என்பார்கள். அதில் நான் மூலைக்கு மூலை, கையும் காலும் விரித்துப் படுப்பேன். மிஞ்சுகிற முக்கோணத்தில் என் கணவர் படுப்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து மனுசன் அந்த முக்கோணத்தில்தான் குடியிருக்கிறார். அவருக்கு நித்திரை வராததற்கு அதுதான் காரணம் என்று என் தங்கச்சி சொல்வாள். நான் அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே என் சிக்கல் இதுதான். நான் வரமாட்டேன் என்றால் அவர் தனியப் போய்விடுவார். போகிற ஆள்தான். ராத்திரியில் நித்திரையில்லாமல் அலைகிற மனுசனை மலைக்குத் தனியே அனுப்பிவிட்டு அந்தப் பெரிய கட்டிலில் நான் எப்படிக் கண்ணை மூடுவது? சரி, கூடப் போவோம் என்றால், காம்ப் என்று பெயர் வைத்த ஓரிடத்தில் போய்த் திரும்பவும் படுக்கவேண்டும். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். எனக்கு வசதியாக நித்திரை வருகிற பை ஒன்றை அவர் கண்டுபிடித்தால் நான் வருவேன். இல்லாவிட்டால் நான் இல்லை, அவர் தனிய.

கண்டுபிடிக்க மாட்டார், அலுத்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்றுதான் நம்பியிருந்தேன்.

கொழும்பிலிருந்து இரண்டு பொதி வந்தது. பிடிக்காத பையை ஊத்தை படாமல் திருப்பி அனுப்பலாம் என்று கடைக்காரன் சொல்லியிருந்தானாம். முதலாவது நீல நிறம். தோளில் அகலமாய்த் தொடங்கிக் காலடியில் ஒடுங்கிப் போகும். தலைக்கு ஒரு முக்காடு, அதை இறுக்க ஒரு கயிறு. உள்ளே தாரா வாத்தின் இறகு. இதன் பெயர் மம்மி என்றார்.

"ஆற்ற மம்மி?"

"எகிப்தில பிரேதத்தைச் சுத்தி வைப்பினமே, அந்த மம்மி."

"பிரேதத்தின்ர பேர் வைச்ச சாமானையோ காசு குடுத்து வாங்கினீங்கள்?"

"அதுதான் சூடு பிடிச்சு வைச்சிருக்குமாம்."

இரண்டாவது பை நீள்சதுரம். உள்ளே செயற்கைப் பஞ்சு. நல்ல பாரம், ஆனால் வானில் கொண்டுபோகிறவனுக்குப் பாரம் என்ன கணக்கு? காலடியில் ஒடுக்கம் இல்லை, உள்ளே முழங்காலை மடக்கலாம். சிப்பை முழுக்கத் திறந்தால் ஒரு பெரிய போர்வை. இதே மாதிரி இன்னொன்றை வாங்கி இரண்டையும் சிப்பால் பொருத்தினால் இரண்டு பேருக்கு ஒரே பையாகிவிடும். எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு பயம் வந்தது. பிடித்துவிடும் போலிருந்தது.

பையில் இரண்டு வெப்பநிலை போட்டிருந்தார்கள். ஒன்று வசதிக்கு, மற்றது எல்லைக்கு. என் கணவர் எல்லையைப் பார்த்துவிட்டு, எந்தக் குளிரையும் தாங்கும் என்று துள்ளினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்ன எழுத்தை வாசித்தேன். வசதி என்பது நித்திரை வருகிற குளிர். எல்லை என்பது சாகாமல் விடிய எழும்பக்கூடிய குளிர். எல்லையைப் பார்த்துப் பை வாங்குகிற ஆளும், வசதியைப் பார்த்து வாங்குகிற ஆளும் ஒரே வீட்டில் இருந்தோம்.

இனிப் படுத்துப் பார்க்கவேண்டும். எங்கே? மன்னாரில், பங்குனி வெயிலில், ஹோலில் இரண்டு காற்றாடியையும் போட்டுவிட்டு இவர் மம்மிக்குள் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்காய் ஆவி பறக்க வெளியே வந்தார். பிறகு பிரிட்ஜைத் திறந்து வைத்து, அதன் முன்னால் தலையைக் கொடுத்துப் படுத்தார். பால் பழுதாய்ப் போனதுதான் மிச்சம்.

"குளிர் வேணும்," என்றார், தரையில் கிடந்தபடி. "மன்னாரில குளிர் எங்க இருக்கு?"

ஓரிடத்தில் இருந்தது. எருக்கலம்பிட்டிப் பக்கம் நண்டும் மீனும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற முதலாளி ஒருவர் இருக்கிறார். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். முசலியில் அவருக்குக் கொஞ்சம் வயல். அந்த வயலால்தான் என் கணவரோடு பழக்கம். மீன் வைக்கிறதற்கு அவரிடம் ஒரு குளிர் அறை உண்டு. இவர் போன் எடுத்துக் கேட்டார். நானா மூன்று தரம் திருப்பிக் கேட்டார்.

"சேர், நண்டு வைக்கிற அறையிலயா? நீங்களும் டீச்சருமா? படுக்கவா?"

"ஓம். ஒரு மணித்தியாலம் காணும்."

"அல்லாவே," என்றார் நானா. பிறகு, படித்த ஆட்களுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, "வெள்ளிக்கிழமை வாங்க சேர். பொடியன்மார் எல்லாரும் ஜும்மாவுக்குப் போயிருவாங்க. ஆக்கள் பார்த்தா கதைப்பாங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானா தொப்பியோடு வந்து அறையைத் திறந்துவிட்டு, எங்களை ஒருமுறை கவலையோடு பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். நான் முதலில் கதவைப் பார்த்தேன். தடித்த கதவு. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற ஒரு பிடி இருந்தது. தள்ளினேன், திறந்தது. மூடினேன். திரும்பத் தள்ளினேன், திறந்தது. "குளிர் போகுதப்பா," என்றார் இவர். மூடினேன்.

உள்ளே இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் மீன் பெட்டிகள். நடுவில் ஒரு ஒழுங்கை அளவு இடம். பாரையும் விளைமீனும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பை ஊத்தையாகக்கூடாதென்று கீழே பொலித்தீன் விரித்தோம். என் கணவர் மம்மிக்குள் இறங்கி, சிப்பைக் கழுத்துவரை இழுத்து, முக்காட்டைப் போட்டுக் கயிற்றை இறுக்கினார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"எப்பிடி?" என்றேன்.

"ம்ம்," என்றது மூக்கு.

என்னுடைய பையை விரிக்க அந்த ஒழுங்கையில் அகலம் காணவில்லை. ஒரு பக்கம் நண்டுப் பெட்டி, மறு பக்கம் கணவர். காலை உள்ளே விட்டுப் பார்த்தேன், நீட்டலாம், ஆனால் விரிக்க முடியாது. கடைசியில் எழும்பி, பையை முழுக்கத் திறந்து தலைக்கு மேலால் போர்த்துக்கொண்டு, ஒரு பெட்டியில், அவருடைய தலைமாட்டில் குந்தினேன். பல் ஒன்றோடொன்று அடித்தது. "எழும்புங்கோ, போவம்," என்று சொல்லக் குனிந்தால், மனுசன் நித்திரை. அசைவில்லை, குறட்டையில்லை. மாதக்கணக்கில் அந்த முகத்தில் நான் காணாத ஒரு அமைதி மூக்கில் தெரிந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று விட்டேன்.

அப்போதுதான் கதவு திறந்தது.

பெட்டி கழுவ வருகிற பெண். வேதக்கார மனுசி, பேசாலைப் பக்கம். அவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். ஜும்மா அவருக்கு இல்லையென்பதை நானாவும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. அவர் முதலில் என்னைக் கண்டார். தலையில் முக்காடு, உடம்பு முழுக்க நடுக்கம். பிறகு கீழே நீலப் பையைக் கண்டார். கையிலிருந்த வாளி விழுந்தது.

"யேசுவே... டீச்சர்! சேரா இது? எப்ப டீச்சர்?"

எப்போது வந்தீர்கள் என்று கேட்பதாக நினைத்தேன். என் வாய் குளிரில் விறைத்துப் போயிருந்தது.

"இ... இ... இப்பத்தான்," என்றேன்.

"ஐயோ! ஏதும் வருத்தமாய்க் கிடந்தவரோ?"

"இ... இல்லை. நி... நித்திரை..."

"நித்திரையிலயே!" மனுசி நெஞ்சில் கையை வைத்தார். "குடுத்து வைச்ச சீவன். ஒரு கஷ்டமும் படாமல்."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். ஆனால் தலை ஏற்கெனவே எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வந்து என் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தார். அந்த வாளித் தண்ணீர்க் கை எவ்வளவு சூடாக இருந்தது என்பதை மறக்க மாட்டேன்.

"மகள் வெளிநாட்டில எல்லோ. அவ வந்து முகம் பார்க்கும் வரைக்கும் இஞ்ச வைச்சிருக்கிறியளாக்கும். நானா தங்கமான மனுசன், இடம் குடுத்திருக்கிறார்," என்று, நான் சொல்லவேண்டிய விளக்கத்தை எல்லாம் அவரே எனக்குச் சொன்னார். பிறகு முழந்தாளிட்டு, செத்தவர்களுக்குச் சொல்கிற நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினார்.

சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்தச் செபத்தின் குரலோடு சேர்த்து என் கணவரைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் மாறிப் போயிற்று. நேராக, கையும் காலும் ஒடுங்கிக் கிடந்தார். இதோ இப்படித்தான் ஒருநாள் கிடக்கப்போகிறார், நான் இப்படித்தான் தலைமாட்டில் இருக்கப்போகிறேன், ஆரோ ஒரு மனுசி வந்து என் கையைப் பிடிக்கப்போகிறார் என்று விளங்கியது. எனக்கு இந்த மனுசன் வேண்டும். அதை அதுவரை நான் எனக்கே வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் அழத் தொடங்கினேன். பொய்யாக இல்லை, ஏங்கி ஏங்கி அழுதேன். அதோடு அந்த மனுசிக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. "பொறுங்கோ டீச்சர், ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று ஓடினார்.

நான் கணவரைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்தது.

"என்ன ஒரு நித்திரையப்பா!" என்றார். "பிறந்ததுக்கு இப்பிடி ஒரு நித்திரை கொள்ளேல்ல."

நீலப் பையில் முஷ்டியால் குத்தினேன். "நீங்கள் செத்துப் போனீங்கள். எழும்புங்கோ!"

வெளியே நானா தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பாதி ஜும்மா வந்தது. சிப் நடுவில் சிக்கி, மம்மியைக் கழற்ற முடியாமல், என் கணவர் இரண்டு காலையும் சேர்த்துத் துள்ளித் துள்ளி வெளியே வந்தார். முன்னால் நின்ற இரண்டு பேர் சிலாபத்துக்கே ஓடுகிற வேகத்தில் திரும்பி ஓடினார்கள். நானா மட்டும் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

"சேர்," என்றார் மெதுவாக, "என்ட வியாபாரம் போச்சு சேர்."

அதற்குள் செய்தி தள்ளாடிச் சந்திக்கு அப்பால் போய்விட்டது. பாலத்தைத் தாண்டி வானில் வரும்போதே போனில் அவருடைய படம் வந்தது. பென்சன் விழாவில் மாலையோடு எடுத்த படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. 'நித்திரையில் இறைபதம் அடைந்தார்' என்று போட்டிருந்தது. நான் வானை ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்து அனுதாபங்களை ஒவ்வொன்றாய் வாசித்தார்.

"இவன் என்னோட கந்தோரில ஒரு நாள் முகம் குடுத்துக் கதைச்சதில்ல. பாரும், என்ன அருமையா எழுதியிருக்கிறான். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' நான் இதுக்கு ஒரு லைக் போடட்டோ?"

"போடாதேங்கோ!"

போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்த குழப்பம் தனி.

வீட்டு வாசலில் தறப்பாள் கட்டியாயிற்று. பிளாஸ்டிக் கதிரைகள் நிரையாய் இருந்தன. அயலவர் கேற்றில் வெள்ளைத் துணியும் கட்டிவிட்டார். உயிலங்குளத்திலிருந்து என் கணவருடைய பெரியப்பாவின் மகன் ஒரு டிராக்டர் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். உயிரோடு இறங்கிய தம்பியைக் கண்டதும் அவருக்குச் சந்தோசத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"சாகேல்லையெண்டால் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! வயலில தண்ணி பாய விட்டிட்டு எல்லோ ஓடி வந்தனான்!"

வந்த சனத்தைச் சும்மா அனுப்ப முடியுமா? அண்டாவில் தேத்தண்ணி ஊற்றினேன். என் புருசனுடைய செத்தவீட்டுக்கு அவரும் நானுமாகத் தட்டு ஏந்தித் தேத்தண்ணி கொடுத்தோம். குடித்தவர்கள் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் கனடாவிலிருந்து கத்திக்கொண்டு எடுத்தாள். அவரே போனை எடுத்து, "நான் சுகமாய் இருக்கிறன் பிள்ளை. நல்ல பை," என்றார். அவள் அரை மணித்தியாலம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறி ஏசினாள்.

எல்லோரும் போன பிறகு கதிரைகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். அவர் தறப்பாளை அண்ணாந்து பார்த்தார்.

"பெட்டி கழுவுற மனுசி சொன்னா, நீர் விழுந்து விழுந்து அழுதனீராம்."

"குளிர்."

"பைகளைத் திருப்பி அனுப்புவம். உமக்கு வேண்டாத இடத்துக்கு உம்மை இழுக்கிறது சரியில்லை. நானும் போகேல்ல. கட்டிலிலயே படுக்கிறன்."

அப்போதுதான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிய பிறகு போகாமல் விடுவதா? "அந்தச் சதுரப் பை நல்ல பை," என்றேன். "இன்னொண்டு எடுத்து இரண்டையும் பொருத்தினால் நான் கை காலை விரிக்கலாம். தரையெண்டாலும் பரவாயில்லை. எனக்குப் பயம் பை இல்லை."

"அப்ப என்ன?"

இதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் கேட்டதில்லை. "எங்கட காம்பில பொழுதுபட முதல் உள்ளுக்க வந்திடவேணும்," என்றேன். "ஆக்களை எண்ணுவாங்கள். பிறகு கேற்றை மூடுவாங்கள். எனக்குப் படிப்பு இருந்தது, சிநேகிதிகள் இருந்தவை, வெளியில நல்ல சனமும் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் கேற் மூடுற சத்தம் கேட்டால், இனி நான் நினைச்சாலும் போகேலாது எண்டு தெரியும். அந்தச் சத்தத்தோடதான் நித்திரைக்குப் போறது. அவ்வளவுதான்."

அவர் எழும்பிப் போய்க் கதிரைகளை அடுக்கினார்.

சதுரப் பை இன்னொன்று வந்தது. நீலப் பையைக் கடைக்காரன் திருப்பி எடுக்கவில்லை, நண்டு மணக்கிறதாம். சித்திரை லீவில் புறப்பட்டோம். திருக்கேதீஸ்வரத்தில் வானுக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். அங்கேயும் ஒரு மனுசி இவரைக் கண்டு விளக்கைக் கீழே போட்டார்.

மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, வேலி அடைத்த ஒரு புல்வெளி. காம்பிங் ஆட்களுக்கென்றே விட்ட இடம். காவலுக்கு ஒரு தோட்டத்து மனிதர் இருந்தார். நான் சமைத்த சோற்றைக் குளிரில் விழுங்கிவிட்டு, பலகையில் இரட்டைப் பையை விரித்து உள்ளே போனேன். உண்மையைச் சொல்லவேண்டும், அது நல்ல வசதி. முழங்காலை மடக்கினேன், கையை விரித்தேன், மூலைக்கு மூலை போனேன். அவருக்கு அங்கேயும் ஒரு முக்கோணம் கிடைத்தது. கம்பளிக் காலுறை போட்ட காலை அதற்குள் நுழைத்துக்கொண்டு, "அருமை," என்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. கீழே காவல்காரர் போய்ச் சங்கிலியை இழுத்துக் கேற்றை மூடுகிற சத்தம் கேட்டது. காட்டுப் பன்றி வருமாம், அதற்காக.

நான் எழும்பி இருந்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, நான் வீட்ட போகவேணும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. பையை விட்டு இறங்கி, முன்னால் போய், வானைப் பற்றவைத்தார். எனக்குக் குளிரில் வெளியே வர மனமில்லை. இரட்டைப் பைக்குள் இருந்தபடியே நகர்ந்து முன் ஆசனத்தில் ஏறினேன். கழுத்துவரை நான், மிச்சப் பாதி அவருடைய கியர்க் கட்டைக்கு மேலே. கேற்றடியில் காவல்காரர் டோர்ச் அடித்து ஓடி வந்தார்.

"என்னங்க ஐயா, எதும் பிரச்சினைங்களா?"

"ஒண்டுமில்லை. போறம்."

அவர் என்னையும் பையையும் பார்த்தார். சங்கிலியைக் கழற்றினார். நாங்கள் வெளியே போனோம். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ரோட்டுக்கு இறங்கினோம். என் கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மன்னாருக்குத்தானே? விடியத்தான் போய்ச் சேருவம். நீர் படுத்திரும்," என்றார். பகிடி இல்லை, மனுசன் உண்மையாகவே ஓட்டியிருப்பார்.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். திரும்பிப் பார்த்தேன். மேலே கேற் திறந்தபடியே கிடந்தது. "திருப்புங்கோ."

திருப்பினார். உள்ளே போனோம், காவல்காரர் கேற்றை மூடினார். சங்கிலிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, "போவம்," என்றேன். போனோம். கேற் திறந்தது. தேயிலை வளைவு வரை போய்த் திரும்பினோம். இந்த முறை காவல்காரர் எங்களை நிறுத்தி, என் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினார். நல்லாய் ஏசப்போகிறார் என்றுதான் பார்த்தேன்.

"அம்மா, சங்கிலி போடலிங்க," என்றார். "சும்மா சாத்தி வைக்கிறேன். நீங்க நெனைச்ச நேரத்துக்குப் போங்க. பன்னி வந்தா நான் பாத்துக்கிறேன்."

வானைப் பழைய இடத்தில் விட்டோம். என் கணவர் எஞ்சினை நிறுத்தவில்லை. கையைச் சாவியில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் போவமோ?"

"வேண்டாம்," என்றேன். "எனக்கு நித்திரை வருது."